ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்ட பிரசங்கங்கள்

வியாழக்கிழமை மத்தியானம் முசஃபா தொழிற்பேட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப் ஆபீஸ் போன் அடித்தது. அஜ்மானிலிருந்து ஜமால், அருளானந்தம் சாரோடு ஒரே அறையில் இருப்பவர். பலசரக்குக் கடையில் வேலை பார்க்கும் ஜமால், போனை எடுத்தாலே கத்துகிற ஆள். அன்று மெல்லத்தான் பேசினார். "அண்ணே, அருளானந்தம் சார் மவுத்தாயிட்டாங்க. காலையில பஸ்ஸுக்கு நின்ன எடத்துலயே நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." உடனே கிளம்பக் கேட்டேன். போர்மன் அன்று விடமாட்டேன் என்றான். வெள்ளிக்கிழமை விடிந்த பிறகுதான் அஜ்மானுக்கு டாக்ஸி பிடித்தேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்த வழுக்கைத் தலை இலங்கைக்காரர். யாழ்ப்பாணத்தில் சரித்திர விரிவுரையாளராக இருந்தவர் என்பது சிலருக்குத் தெரியும். அவர் கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது இன்னும் சிலருக்கே தெரியும். சுதந்திரம் வாங்கிய காலத்து அமெரிக்காவில் அச்சான துண்டுப் பிரசுரங்கள், தேவாலயத்திலும் ஊர்ச் சபையிலும் பேசப்பட்ட சொற்பொழிவுகள். அட்டை கிடையாது. நூலால் குத்தித் தைத்த மெல்லிய கட்டுகள். அமெரிக்கப் பாதிரிமார் அந்தக் காலத்தில் கப்பலில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தவை. பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது குப்பையோடு போகவிருந்ததை இவர் தடுத்து எடுத்துக்கொண்டார். பிறகு ஆயுள் முழுக்கத் தேடித் தேடி அதோடு சேர்த்தார்.

ஷார்ஜாவில் நான் அடுத்த மேசையில் இருந்த காலத்தில் இதை வைத்து அவரைச் சீண்டாத நாள் குறைவு. "நம்ம ஆளுங்க எழுதினது அவ்வளவு கிடக்க, அமெரிக்காக்காரனோட பழைய நோட்டீசைக் கட்டிக்கிட்டு அழறீங்களே, சார்" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தார். "எங்கடயள் யாழ்ப்பாண நூலகத்தோட எரிஞ்சு போச்சு, ஐசே. அலுமாரி அலுமாரியா எரிஞ்சதைத் தெருவில நிண்டு பாத்தனான். இது என்ர வீட்டில கிடந்ததால மிஞ்சினது. மிஞ்சினதைத்தானே காக்க ஏலும்? அதுதான் காவிக்கொண்டு வந்தனான்." அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் நெருப்புக்குப் பயந்து இங்கே வந்தார். இங்கே இருந்தது ஈரம். அஜ்மான் கடற்காற்று வெயில் காலத்தில் சுவரையே வியர்க்க வைக்கும். ஜமாலின் கடையிலிருந்து அரிசி வாங்கி, பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்ன முடிச்சுகளாகக் கட்டி, கட்டுகளுக்கு நடுவே வைப்பார். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். "பேப்பருக்கு சோறு போடுற ஆளை இங்கதான் பாக்குறேன்" என்பார் ஜமால். சாரும் சிரிப்பார். தாளைத் தொட்டுப் பார் என்று என்னிடம் நீட்டுவார். "இது மரத்தில செய்த கடதாசி இல்லை. கந்தல் துணியை ஊறவைச்சு இடிச்சுச் செய்தது. லேசில கிழியாது" என்பார்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து பிரியாணியும் முடிந்த பிறகு பெட்டி திறக்கப்படும். எஸ் எழுத்து எஃப் போல நிற்கும் அந்தப் பழைய அச்சை நான் எழுத்துக் கூட்டுவதற்குள் அவர் ஒரு பக்கத்தைத் தமிழில் சொல்லி முடித்துவிடுவார். ஏதோ ஒரு சின்ன ஊரின் பாதிரியார், பெயர்கூட யாருக்கும் தெரியாதவர், அன்று அமெரிக்காவை ஆண்ட ராஜாவை நோக்கிப் பேசிய பிரசங்கம் அவருக்குப் பிடித்தமானது. "எங்களைக் கேளாமல் எங்கட சட்டியில கை வைக்க உனக்கு ஆர் உரிமை தந்தது, ராசாவே, எண்டு கேக்கிறார், கண்டியளோ!" என்று குரலை உயர்த்தினார் ஒருநாள். ஜமால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"சார், மெதுவா. இந்த ஊர்ல நின்னுக்கிட்டு ராஜாங்கிறீங்க."

"இந்த ராசா செத்து எத்தினையோ காலம், தம்பி."

"சி.ஐ.டி. வந்து எந்த ராஜான்னா சார் கேப்பான்?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஜமால் சிரிக்கவில்லை. அன்று முதல் பெட்டி திறந்தால் ஜன்னல் சாத்தப்படும் என்பது அந்த அறையின் வழக்கமாகிவிட்டது.

அவர் அமெரிக்கர்களைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டவர் அல்ல. சுதந்திரத்தைப் பற்றிய ஒரு நீண்ட சொற்பொழிவைப் படித்துவிட்டு, "இவர் எழுதினது பொய்யில்லை, ஐசே. ஆனா எழுதேக்க மைக்கூட்டை எடுத்துக் குடுத்தவன் இவருக்கு அடிமை" என்றார். அப்போது அவருடைய பாஸ்போர்ட், விசா கொடுத்த முதலாளியான கஃபீலின் அலமாரியில் இருந்தது. மனைவியைப் பார்க்க லீவு கேட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தார். நாளை, நாளை என்றார்கள். தான் போக முடியாவிட்டாலும் பெட்டியாவது போகட்டும் என்று முடிவு செய்தார். சென்னையில் ஒரு கல்லூரி நூலகம் வாங்கி வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. அடுத்த மாதம் என் லீவில் நான் கொண்டுபோவதாக ஏற்பாடு. இதை அவரும் நானும் பேசியதோடு சரி. அறையில் யாருக்கும் சொல்லவில்லை.

வளைகுடாவில் பேச்சிலர் அறைகளில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறையில் ஒருவர் இறந்துவிட்டால், போலீசோ கம்பெனி ஆளோ வருவதற்குள் கூட இருந்தவர்கள் அவருடைய சாமான்களைத் துப்புரவாக்கிவிடுவார்கள். பாட்டில், கேசட், ஊரில் தெரியக்கூடாத போட்டோ எல்லாம் போய்விடும். செத்தவர் பெயர் கெடக்கூடாது, உடலை அனுப்புவதில் சிக்கல் வரக்கூடாது. அது திருட்டல்ல. அறைக்காரர்கள் செத்தவருக்குச் செய்கிற கடைசி மரியாதை. அருளானந்தம் சாரிடம் பாட்டிலும் இல்லை, கேசட்டும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜமால் ஈரக் கையோடு கதவைத் திறந்தார். அழுது வீங்கிய முகம். "எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்ணே. சார் பேருக்கு ஒரு பங்கமும் வராது" என்றார். கட்டிலுக்கடியில் பெட்டி திறந்து காலியாக இருந்தது. எரித்தால் புகை வெளியே தெரியும் என்று குளியலறை வாளியில் ஊறப்போட்டுக் கிழித்திருக்கிறார். "சட்டுனு கிழியலண்ணே. துணி மாதிரி இருந்துச்சு. கை விட்டுப் போச்சு." கறுப்புப் பைகளில் கட்டிப் போட்டதைக் காலையிலேயே முனிசிபாலிட்டி வண்டி எடுத்துப் போய்விட்டது. வாளியில் சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும் இருந்தது. எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

சாயங்காலம் கம்பெனி ஆள் வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பேரைச் சரிபார்த்தான், ஒரு கையெழுத்து வாங்கினான், "கலாஸ்", முடிந்தது, என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பெட்டி நடு அறையில் திறந்து கிடந்திருந்தாலும் அவன் குனிந்து பார்த்திருக்க மாட்டான். ஜமாலும் அதைக் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். வெகு நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உடலை ஊருக்கு அனுப்பிய நாளில், விமான நிலையக் கார்கோ பகுதியில் அதை உள்ளே கொண்டுபோகும்வரை நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "அதெல்லாம் இருநூறு வருஷத்துப் பழைய பேச்சு, ஜமால். அதுக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சென்னைக்குக் கொண்டுபோக இருந்தேன்" என்றேன்.

"பழசுன்னு தெரியும்ணே. வாராவாரம் நானும்தான கேட்டேன். எங்களைக் கேக்காம எங்க சட்டியில கை வைக்க ஒனக்கு யாரு உரிமை குடுத்தான்னு..." என்று தொடங்கியவர், அப்படியே நிறுத்திவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நல்ல பேச்சுண்ணே. எனக்கே நெஞ்சுல நின்னுருச்சு. அதனாலதான் பயந்தேன்."

சார் இருந்தால் அதற்குப் பதில் சொல்லியிருப்பார். தான் படித்துக் காட்டியதை இப்படி உயிருள்ளதாக எடுத்துக்கொண்ட ஒருவரை அவர் தன் வகுப்பில் கண்டிருப்பாரா என்று தெரியவில்லை. நானோ கடைசிவரை அதைப் பழைய நோட்டீஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உணவுப் பொருளை வீசக்கூடாது என்று அரிசி முடிச்சுகளை மட்டும் ஜமால் எடுத்து வைத்திருந்தார். அதில் ஒன்றை எனக்குத் தந்தார். ஒரு அறிஞர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததில் என்னிடம் இருப்பது ஒரு பிடி அரிசி. முகர்ந்தால் பழந்தாள் வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மேசையில் அதை வைத்துக்கொண்டுதான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன். அந்தப் பாதிரியாரின் வரியை மேலே எழுதும்போது எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். இன்னும் திறக்கவில்லை.