கெட்டிமேளம் கொட்டிய கார்டு

பெருங்களத்தூர் கல்யாண மண்டபம் ஒன்றில், தாலி கட்டுவதற்கு முன்பே கெட்டிமேளம் கொட்டி, கூடியிருந்த மொத்த ஜனத்தையும் அட்சதை போட வைத்தவன் நான். எனக்கு நாதஸ்வரமும் தெரியாது, தவிலும் தெரியாது. கீபோர்டு வாசிப்பேன், அவ்வளவுதான்.

தாம்பரம் வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். ஒருவர் கதையில் மாப்பிள்ளை மயக்கம் போட்டே விழுந்துவிட்டார். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். புதிதாக கீபோர்டு வாங்கியவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: "எக்ஸ்ட்ரா டோன் கார்டுன்னு விக்கிறாங்களே, அவ்ளோ காசு குடுத்து வாங்கலாமாண்ணா?"

1. ரெண்டு ப்ரோக்ராம் கெடு

தொண்ணூறுகளின் தொடக்கம். பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு, வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு, மோசஸ் அண்ணாவின் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அண்ணா வார நாட்களில் குரோம்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் மாஸ்டர். லீவு நாட்களில் லீட் கிடார், குழுத் தலைவர். அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் ரிகர்சல். சிந்தசைசர் என்கிற அந்த மேடை கீபோர்டு குழுவுடையது. அதை வாசிக்கும் விரல்கள் மட்டும்தான் என்னுடையவை.

மெல்லிசைக் கச்சேரிக்கு வருகிறவர் ஒவ்வொரு பாட்டையும் ரேடியோவில் நூறு தடவை கேட்டுவிட்டுத்தான் வருவார். பாட்டின் நடுவில் எந்த இடத்தில் ஷெனாய் வரும், எந்த இடத்தில் கோயில் மணி அடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அந்த இடத்தில் அந்தச் சத்தம் வராவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி உதட்டைப் பிதுக்குவார். ஷெனாய்க்கு ஒரு ஆள், மணிக்கு ஒரு ஆள் என்று வேனில் ஏற்ற முடியுமா? எல்லாம் கீபோர்டுக்காரன் தலையில்தான். வயலின் கூட்டம், புல்லாங்குழல், குதிரைக் குளம்பு, இடி, மழை, சமயத்தில் குழந்தை அழுகை வரைக்கும்.

ஒரு நாள் ரிகர்சல் முடிந்ததும் அண்ணா கிடாரைக் கழற்றி வைத்தார்.

"டேய் சேகர், போன வாரம் ஷெனாய்னு ஒண்ணு வாசிச்சியே, எங்க தெருவுல வர்ற ஐஸ்காரன் அத விட நல்லா ஊதுறான்."

"அந்த டோனே இதுல இல்லண்ணா."

"இல்லன்னா நான் என்ன பண்றது? பல்லாவரத்துல ஒரு பையன் இருக்கான். சொந்த கீபோர்டு. டோன் கொட்டிக் கிடக்குதாம். இன்னும் ரெண்டு ப்ரோக்ராம் பாக்குறேன். அதுக்குள்ள சரியாகலன்னா அவனைக் கூப்பிட்டுக்குவேன். தப்பா எடுத்துக்காத."

இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அப்பா கிண்டியில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். குழுவில் என் ஸ்டூல் போனால் அடுத்த திங்கட்கிழமையே நட்டு போல்ட் எண்ணப் போக வேண்டியதுதான். ரெண்டு ப்ரோக்ராமில் முதலாவது போயே போய்விட்டது. அதில் நான் வாசித்த வீணையைக் கேட்டு, பாடகி கீதா அக்கா பாட்டின் நடுவிலேயே திரும்பிப் பார்த்தார்.

2. "இதுக்குள்ள இந்தியாவே இருக்கு சார்"

எங்கள் சிந்தசைசரின் முதுகில் ஒரு பொந்து உண்டு. அதில் ஒரு கார்டைச் செருகினால் புதுச் சத்தங்கள் சேரும். கார்டு ஒரு பிஸ்கட் அளவுதான். விலை மட்டும் பிஸ்கட் விலை இல்லை. என் மொபெட்டை விற்றேன். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில், சிங்கப்பூரிலிருந்து வந்த சரக்கு என்று ஒருவர் பட்டுத் துணியில் சுற்றி எடுத்து வைத்தார்.

"இதுக்குள்ள இந்தியாவே இருக்கு சார். ஷெனாய், சித்தார், நாதஸ்வரம், தவில், எல்லாம் ஒரிஜினல். அப்படியே ரெக்கார்ட் பண்ணி அடைச்சிருக்கான்."

ரிதம் பேட் வாசிக்கும் தாஸ்தான் எங்களுக்கு சவுண்ட் மிக்சரும் பார்ப்பான். இரும்புலியூர்க்காரன். ரெண்டாவது ப்ரோக்ராமுக்குப் பெருங்களத்தூர் போகும் வேனில் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாடா இது, வண்டிய வித்துட்டு பிஸ்கட்டு வாங்கிக்கினு வந்துகிற? டீல தொட்டுத் துன்னலாமா?"

"தவில், நாதஸ்வரம் எல்லாம் இருக்குடா இதுல."

"அப்போ இது உள்ளார நாலு பேரு குந்திகினு கீறாங்கன்னு சொல்லு. சோறு யாரு போடுவா?"

கார்டு கைக்கு வந்ததே முந்தின நாள் சாயங்காலம். ரிகர்சலில் போட்டுப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை. மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

3. ஹெட்போன்

காலையில் முகூர்த்தம், அது முடிந்ததும் சாப்பாடு வரைக்கும் எங்கள் கச்சேரி. மணமேடைக்குப் பக்கவாட்டில் எங்களுக்குச் சின்ன மேடை போட்டிருந்தார்கள். அங்கே ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், இங்கே நாங்கள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தோம். ஓரமாக உட்கார்ந்திருந்த மேளக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். தாலியைத் தட்டில் தேங்காய் மேல் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்காக வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் கையில் அட்சதையோடு தயாராக இருந்தார்கள்.

நான் கார்டைச் செருகினேன். சத்தம் வெளியே போய்விடக் கூடாதே என்ற அக்கறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

இங்கே ஒரு டெக்னிக்கல் விஷயம். வீட்டில் நான் பழகிய சின்ன கீபோர்டில் ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். மேடை சிந்தசைசர் அப்படியில்லை. ஹெட்போன் பாட்டுக்கு ஒரு வழி, மிக்சருக்குப் போகிற ஒயர் பாட்டுக்கு இன்னொரு வழி. ஹெட்போன் மாட்டினால் வெளியே சத்தம் நிற்காது. நமக்கு வெளிச்சத்தம் கேட்காது, அவ்வளவுதான். மேடையில் அதுவரை ஹெட்போனே மாட்டியதில்லை, அதனால் இது எனக்கு அன்று காலை வரை தெரியாது. மைக் டெஸ்ட் பண்ணிவிட்டுப் போன தாஸ் என் சேனலையும் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்ததும் தெரியாது.

கார்டில் ஒவ்வொரு டோனாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். 'ஃபெஸ்டிவல்' என்று ஒன்று வந்தது. கடைசிக் கட்டையை அமுக்கினேன்.

ஆஹா! ஒற்றைச் சுரம் வரும் என்று பார்த்தால், தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து, உச்ச வேகத்தில் ஒரு முழு மேளமே கொட்டுகிறது. எந்தக் கோயில் வாசலில் பதிவு செய்தார்களோ, அச்சு அசல். விரலை எடுக்க மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மொபெட் போனால் போகிறது, ஸ்டூல் பிழைத்தது என்று தோன்றியது.

கண்ணைத் திறந்தால் மண்டபம் முழுக்க மஞ்சள் அரிசி பறக்கிறது. அடடா, சரியாக நாம் டெஸ்ட் பண்ணும் நேரத்தில் கல்யாணமும் முடிந்துவிட்டதே, என்ன பொருத்தம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அமுக்கினேன்.

தாஸ் ஓடி வந்து என் ஹெட்போனைப் பிடுங்கினான்.

"கைய எட்றா! ஊருக்கே ஓடிக்கினு கீது!"

கையை எடுத்தேன். நிஜ மேளம் மட்டும் கேட்டது. சத்தம் கேட்ட வேகத்தில் தவில்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கூடவே கொட்ட ஆரம்பித்திருந்தார். அவரும் நிறுத்தினார். மணமேடையில் மாப்பிள்ளை வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார், தலையெல்லாம் அரிசி. தாலி அப்போது ஐந்தாவது வரிசையில், ஒரு தாத்தாவின் மடியில் இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"யாருய்யா கெட்டிமேளம் சொன்னது?" என்று ஐயர் கத்தினார்.

பெண்ணின் அப்பா எழுந்து வந்தார். நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தையே நீட்டி எங்கள் மேடையைக் காட்டினார்.

"தாலியே கட்டல, அட்சதை போட வச்சிட்டீங்களே! சம்பந்தி வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? உங்க பொட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு கெளம்புங்க மொதல்ல!"

மோசஸ் அண்ணாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கீதா அக்காதான் முன்னால் வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. கோபக்காரர்களோடு பேசியே பழகியவர்.

"சார், ஒரு வாட்டி அட்சதை விழுந்தா ஒரு ஆசீர்வாதம். உங்க பொண்ணுக்கு ரெண்டு வாட்டி விழப்போகுது. யாருக்கு சார் கெடைக்கும்?"

அவர் சமாதானம் ஆகிற மாதிரி தெரியவில்லை. அதற்குள் மணமேடையிலிருந்து ஒரு சத்தம். கல்யாணப் பெண் சிரிக்கிறாள். அடக்கப் பார்த்து முடியாமல், தோள் குலுங்கச் சிரிக்கிறாள். மாப்பிள்ளையும் தலையிலிருந்த அரிசியைத் தட்டிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அப்பா, அவங்கள அப்புறம் திட்டலாம்பா. தாலி எங்க இருக்குன்னு பாருங்க முதல்ல."

தாலி வந்தது. இப்போது அட்சதை இல்லை. கையிலிருந்ததை எல்லாரும் போட்டுவிட்டார்கள். சமையல்கட்டுக்கு ஓடி, பச்சரிசியில் மஞ்சள் பிசைந்து, கீதா அக்காவும் தாஸும் நானும் தாம்பாளம் தாம்பாளமாக வரிசை வரிசையாகக் கொடுத்தோம். என் கையிலிருந்து வாங்கின ஒவ்வொருவரும், "இப்ப போடலாமா, இல்ல இதுவும் டெஸ்டிங்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்கள்.

4. நாதஸ்வரம் கேட்டார்கள்

நல்ல நேரத்துக்குள் கல்யாணம் முடிந்தது. எங்களைப் போகச் சொன்னது என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. கச்சேரி ஆரம்பித்தது. நாலாவது பாட்டுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து சீட்டு வந்தது. ஒரு பழைய பாட்டு. அதில் ரெண்டு இடத்தில் நாதஸ்வரம் தனியாக வரும்.

அண்ணா என்னைப் பார்த்தார். "கார்டுல தனி நாதஸ்வரம் இருக்கில்ல? போடு. இதுக்குத்தானே வாங்கின."

முதல் பிட்டைக் கார்டில் வாசித்தேன். ஒற்றை ஒற்றைச் சுரமாக வாசிக்கும்போதுதான் அதன் லட்சணம் தெரிந்தது. நடுவில் ரெண்டு மூன்று கட்டைகள் வரை நாதஸ்வரம். மேலே போனால் எலி, கீழே போனால் எருமை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் படி படியாகக் குதித்தது. வெளியூர் பஸ் ஹாரன் அடித்த மாதிரி இருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் "பாம், பாம்" என்று திருப்பிச் சொன்னார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரர் தவில்காரரின் தொடையில் தட்டிச் சிரித்தார்.

சரணம் முடிவதற்குள் ரெண்டாவது பிட் வந்துவிடும். அண்ணா கிடாரை வாசித்துக்கொண்டே என்னை முறைத்தார். இனி இழக்க ஒன்றும் இல்லை என்று, சிந்தசைசரிலேயே பிறவியிலிருந்து இருக்கும் ஓபோ என்கிற மேல்நாட்டு ஊதுகுழல் டோனுக்கு மாற்றினேன். அதை ரெண்டு வருஷமாக வாசித்திருக்கிறேன். எந்தக் கட்டையில் அது மூக்கால் பேசும், கீபோர்டின் இடது ஓரத்துச் சக்கரத்தை எவ்வளவு தள்ளினால் சுரம் வழுக்கும் என்பது விரலுக்குத் தெரியும். வலது கையால் வாசித்து, இடது கையால் சக்கரத்தை ஆட்டி, காலால் வால்யூம் பெடலை ஏற்றி இறக்கி, மூச்சு வாங்குகிற இடத்தில் நானும் மூச்சை நிறுத்தி வாசித்தேன்.

நாதஸ்வரம் ஆகிவிடவில்லை. ஆனால் பிள்ளைகள் ஹாரன் அடிக்கவில்லை. பெண்ணின் அப்பா யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார். நாதஸ்வரக்காரர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். எனக்கு அது போதும்.

5. வாங்கலாமா?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பிறகு நானும் கடன் வாங்கி, மாற்றி வாங்கி, பல கார்டுகளைப் போட்டுப் பார்த்துவிட்டேன். தட்டுகிற, அடிக்கிற வாத்தியங்களை வாங்கலாம்: டிரம்ஸ், மணி, பியானோ, தபேலா. தட்டியதும் அதன் வேலை முடிந்தது, பதிவு செய்தவன் நன்றாகத் தட்டியிருந்தால் நமக்கும் நன்றாகவே வரும். ஊதுகிற, இழுக்கிற வாத்தியங்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அதில் பாதி சத்தம் ஊதுகிறவரின் மூச்சில் இருக்கிறது, அதைக் கார்டில் அடைக்க முடியாது. அந்தக் காசில் ஒரு நல்ல வால்யூம் பெடல் வாங்குங்கள். இருக்கிற டோன்களில் பத்தையாவது முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு காசு மிச்சமிருந்தால் கார்டு. கடையில் வாசித்துக் காட்டுகிற முழு மேளத்தைக் கேட்டு மயங்காதீர்கள். அந்த ஒன்று மட்டும் எப்போதும் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அதை எந்தப் பாட்டிலும் வைக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் நிச்சயமாக முடியாது.

அன்றைக்குப் பந்தியில் மோசஸ் அண்ணாவுக்குப் பக்கத்து இலை எனக்கு. பாயசம் வரும்வரை அவர் இலையிலேயே கண்ணாக இருந்தார். நான் சாம்பாரில் கிண்டி ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மாடம்பாக்கத்துல ப்ரோக்ராம்," என்றார். "நாலு மணிக்கு வந்துரு."

"அப்ப பல்லாவரம் பையன், அண்ணா?"

அண்ணா அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டுக் கலந்தார்.

"அவன்கிட்ட இந்த மாதிரி கார்டு நாலு இருக்காம்டா," என்றார்.