நான் வாசிக்காமல் வைத்த கையெழுத்து

எட்டு வருடங்களாக நான் வருகை விரிவுரையாளர். ஒவ்வொரு தவணைக்கும் புது நியமனக் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் வேலை இல்லை. கொழும்பில் மூன்று இடங்களில் வடிவமைப்புப் படிப்பித்தேன். காலையில் வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் பின்னேரம் வரை ஓட்டம். எனக்கும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாதுதான். ஆனால் இருக்க ஒரு இடத்தை வைத்துக்கொண்டு அலைவது வேறு.

அதனால் அந்த மூன்றில் ஒரு இடத்தில் நிரந்தரப் பதவிக்கு விளம்பரம் வந்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. நான் வைத்த கண்காட்சிகளை ஆராய்ச்சியாக ஏற்கமாட்டார்கள் என்று தெரியும். நான் நம்பியிருந்தது முதல் வருட வகுப்புக்காக நானே உருவாக்கிய பயிற்சியைத்தான். மாணவர்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தெருவைக் கமரா இல்லாமல் நடந்து பார்க்க வேண்டும். அடுத்த நாள் அதே தெருவை நீளமான தாள் சுருளில் ஞாபகத்திலிருந்து வரைய வேண்டும். மரண அறிவித்தல், கோழிக்கடைப் பலகை, மாதா சொரூபம் எல்லாம் அதில் வந்துவிடும். மற்ற இடங்களிலும் அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்கினார்கள்.

விண்ணப்பத்தோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்களில் பழைய மாணவி ஒருத்தி கன்ரீனில் என்னைத் தேடி வந்தாள். இரண்டு வருடம் அந்தப் பயிற்சியில் எனக்கு உதவியாக நின்றவள்.

"மிஸ், ஒரு அப்ளிகேஷனுக்கு ரெகமெண்டேஷன் வேணும்."

"எழுதிக்கொண்டு வந்தீரோ?"

"ஓம் மிஸ்."

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. கடிதத்தை மாணவரே எழுதி வருவார், நாங்கள் கையெழுத்து வைப்போம். என் ஆசிரியர்களும் எனக்கு அப்படித்தான் செய்தார்கள். அன்று எனக்கு வாசிக்கப் பொறுமை எங்கே? என்ன விண்ணப்பம் என்றுகூடக் கேட்காமல் கையெழுத்தை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

நேர்முகத் தேர்வில் தேர்வுக்குழுத் தலைவர் அந்தப் பயிற்சியைப் பற்றி விசாரித்தார். உற்சாகமாகச் சொன்னேன். முடியும்வரை கேட்டுவிட்டு ஒரு கடிதத்தை என் பக்கம் திருப்பினார். இதை உருவாக்கி நடத்தியவர் இன்னொரு விண்ணப்பதாரி என்று நீங்களே உறுதிப்படுத்தியிருக்கிறீர்களே என்றார். அந்த மாணவியும் இதே பதவிக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள்.

வாசிக்காமல் வைத்துவிட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால், அதுவரை நான் கையெழுத்திட்ட அத்தனை பிள்ளைகளின் கடிதங்களும் செல்லாக்காசாகிவிடும் என்று நினைத்தேன். இப்படி எழுதும்போது நான் பெரிய தியாகி மாதிரித் தெரிகிறேன். உண்மையில் வெட்கம்தான் வாயை அடைத்தது. கையெழுத்து என்னுடையதுதான் என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கொள்ளுப்பிட்டியிலிருந்து காலி வீதி நெடுக நடந்தேன். அவளைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், ஹோர்ன் அடித்த பஸ்காரனையும் விடவில்லை.

வேலை அவளுக்குக் கிடைத்தது. சில கிழமைகள் கழித்துப் போன் எடுத்தாள்.

"மிஸ், நான் அந்தக் கடிதத்தில கொஞ்சம் கூட்டி எழுதிட்டன். நீங்க வாசிச்சிட்டு, பரவாயில்லை எண்டு விட்டிட்டீங்க எண்டுதான் நினைச்சன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்தப் பயிற்சியை என்னால தனியச் செய்யேலாது மிஸ். விசிட்டிங்கா வருவீங்களா?"

போனைப் பட்டென்று வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்தத் தவணைக்கு வேறு எங்கிருந்தும் எனக்கு நியமனக் கடிதம் வந்திருக்கவில்லை.

"எந்த நாள்?" என்று கேட்டேன்.