ரிட்டர்ன் வண்டி வரும் மாதம்

என் அக்கா எதற்கும் பயந்தவள் இல்லை. பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒருமுறை தலைமையாசிரியர் வகுப்புக்குள் வந்து, தன் பேரனுக்கு நாலு மார்க் கூட்டிப் போடச் சொன்னாராம். அக்கா சாக்பீஸை அவர் கையில் கொடுத்து, "இந்தக் கணக்க நீங்க போர்டுல போடுங்க சார், சரியா வந்துட்டா பேரனுக்கு மார்க் போட்டுடறேன்" என்றாளாம். அப்பேர்ப்பட்டவள் இப்போது தெருவில் வேன் சத்தம் கேட்டால் டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறாள். திரையை இரண்டு விரலால் நகர்த்தி, ஒளிந்து நின்று எட்டிப் பார்க்கிறாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோபம் அவள் மேல் இல்லை. யார் மேல் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அக்கா புத்தகம் போடுகிறவள். வேலையை விட்டபோது கையில் வந்ததை வைத்து, வீட்டு முன்னறையையும் பக்கத்து அறையையும் பதிப்பகமாக்கினாள். பதினோரு வருஷத்தில் இருபத்தாறு புத்தகங்கள். எழுதினவர்கள் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள்தான். ஒரு பஸ் டிரைவர், கோர்ட்டில் டைப் அடிக்கிற ஒரு பெண், மின்கம்பம் ஏறுகிற ஒருவர். பெரிய பதிப்பகங்கள் இவர்களை வாசல் கேட்டைக்கூடத் தாண்ட விட்டிருக்காது. பிழை திருத்துவது நான். கட்டுக் கட்டுவது அக்கா. முகவரிச் சீட்டு ஒட்டுவது மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். குடிநீர் வாரியத்தில் வேலை. "இந்த வீட்ல புத்தகத்துக்கு ரெண்டு ரூம், எனக்கு ஒரு கட்டில். அதுக்கு அடியிலயும் புத்தகம்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கடைக்காரர் எங்களிடமிருந்து புத்தகத்தை வாங்குவதில்லை, எடுத்து வைத்துக்கொள்கிறார். விற்றால் பணம் தருவார். விற்காவிட்டால், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில் அலமாரியைக் காலி செய்து அத்தனையையும் வண்டியில் ஏற்றி எங்களுக்கே அனுப்பிவிடுவார். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். அந்த மாதம் வந்தாலே சின்னப் பதிப்பகக்காரர்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

போன வருஷம் ஒரு நர்ஸம்மா தன் கதைகளை எடுத்துக்கொண்டு வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். ஊசி போட மறுத்த ரவுடி, பிள்ளை பெற்றதும் ஓடிப்போன தகப்பன், சாகும்வரை வெற்றிலைப் பெட்டியைக் கையை விட்டு இறக்காத கிழவர் என்று வார்டில் பார்த்ததை எல்லாம் எழுதியிருந்தார். அக்கா ஒரே மூச்சில் படித்து முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "இத நாம போடலைன்னா நாம எதுக்குடி இருக்கோம்?" என்றாள்.

ஆயிரம் பிரதி போட்டோம். ஏழே வாரத்தில் வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்று மாடியில் ஒரு புத்தகக் கடை இருக்கிறது. அங்கிருந்து போன் வந்தது. "மேடம், அந்த நர்ஸ் புத்தகம் இன்னொரு அறுநூறு அனுப்புங்க, ஒவ்வொரு மாடியிலயும் அடுக்கி வைக்கணும்." அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. எனக்கு மட்டும் என்ன, கையைப் பிடித்துக் குதித்தவளே நான்தான். உடனே இரண்டாயிரம் அடித்தோம். அட்டையில் 'இரண்டாம் பதிப்பு' என்று சிவப்பில் பெரிதாகப் போட்டோம்.

தப்பு அங்கேதான் நடந்தது. வீட்டை விட்டுப் போன புத்தகத்தை விற்றுப்போன புத்தகம் என்று நினைத்துவிட்டோம். கணக்கு டீச்சர் செய்கிற தப்பா இது? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்கிற தப்பு. போன கட்டு திரும்பி வரும்வரை விற்றதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் மனசு விற்றதாக முடிவு கட்டிவிடும்.

சந்தேகப்படவும் வழியில்லை. போகிற இடமெல்லாம் அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் பேச்சு. பல் டாக்டரிடம் போனால் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த பெண் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

"மேடம், அருமையான புத்தகம்! எங்க ஆபீஸ்ல நாப்பத்திமூணு பேரும் படிச்சிட்டோம். ஒரே காப்பிதான், கை மாறி கை மாறி முதுகே பிஞ்சு போச்சு. நாங்களே ரெண்டு தடவை ஒட்டி வச்சிருக்கோம்னா பாத்துக்குங்க!"

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள் அக்கா.

"அடுத்த புத்தகம் எப்போ மேடம்? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்."

அக்கா போனை வைத்தாள். "நாப்பத்திமூணு பேருக்கு ஒண்ணு" என்றாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்தப் பாழாய்ப்போன மாதம் பிறந்தது. முதலில் ஒரு சின்னக் கடையிலிருந்து ரிட்டர்ன். நாற்பது போனதில் முப்பத்தெட்டு வந்தது. இரண்டாவது கடையிலிருந்து வந்த கட்டை மாமா தூக்கி மேஜையில் வைத்தார். அக்கா கத்தரிக்கோலை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கட்டின் மேல் இருந்தது அவள் கையால் போட்ட முடிச்சு. ஆறு மாதம் கடையில் கிடந்திருக்கிறது, ஒருத்தர்கூட அதை அவிழ்த்துப் பார்க்கவில்லை. அடுத்தடுத்து நான்கு கடைகள், அதே கதை.

மிச்சம் இருந்தது மூன்று மாடிக் கடையின் அறுநூறு. நர்ஸம்மாவின் இரண்டாவது புத்தகம் தயாராகிவிட்டது. நான் இரண்டு தடவை பிழை பார்த்து முடித்தேன், அட்டையும் வந்துவிட்டது. வியாழக்கிழமை மிஷினில் ஏற்றுவதாக அச்சகக்காரர் நாள் குறித்திருந்தார். நல்ல மனுஷன். ஆனால் அவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார். "டீச்சர், பழைய பாக்கி முடிஞ்சாத்தான் நான் பேப்பர் எடுக்க முடியும். எனக்கும் வீடு வாசல் இருக்கு." அந்த அறுநூறில் பாதி விற்றிருந்தால் போதும், புத்தகம் வரும், பதிப்பகம் நிற்கும். விற்கவில்லை என்றால் இரண்டாவது புத்தகமும் இல்லை, பதிப்பகமும் இல்லை. அக்கா இதை எனக்கு ஒரு தாளில் போட்டே காட்டினாள். கூட்டலில் இரண்டு இடத்தில் தப்பு. அவள் கூட்டலில் தப்பு வந்து நான் பார்த்ததே இல்லை.

கடைக்குப் போன் செய்தாள். "ஸ்டாக் எடுத்துக்கிட்டு இருக்கோம் மேடம். மிச்சம் இருந்தா புதன்கிழமை வண்டி வரும், வரலைன்னா வித்துருச்சுன்னு அர்த்தம்" என்றார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் கை கால் ஓடவில்லை. பால் வண்டி, குப்பை வண்டி, எதிர்வீட்டுக்கு வந்த காஸ் வண்டி என்று எது வந்து நின்றாலும் மூன்று பேருக்கும் பக்கென்றது. மாமா கட்டில் ஜோக்கை நிறுத்திவிட்டார். நான் ஒரே வரியை நாலு தடவை படித்தேன், ஐந்தாவது தடவையும் மண்டையில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை என்னால் தாங்க முடியவில்லை, வெடித்துவிட்டேன்.

"என்ன ஜனங்கக்கா இது! ஒரு நேரம் ஹோட்டலுக்குப் போய் சாப்பிடற காசு. அத விடு, ஒரு தடவை முடி வெட்டற காசு. அதுக்குக்கூடவா வக்கில்ல? ஓசியில படிச்சிட்டு, அதப் போன் பண்ணி வேற பெருமையா சொல்றானுங்க. பக்கம் பக்கமா போட்டோ புடிச்சு அனுப்பறானுங்க. நல்லாருக்குன்னு சொன்னா அச்சகக்காரர் பேப்பர் தருவாரா? புதுசா ஒண்ணு வாங்கினாத்தானே அடுத்தது வரும்! வெக்கமா இல்ல?"

அக்கா நிமிரவில்லை. நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "நீ கடைசியா ஒரு புதுப் புத்தகம் காசு குடுத்து எப்போடி வாங்கின?"

வருஷத்தை யோசித்தேன். என் வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. பாதி பழைய புத்தகக் கடையில் வாங்கியது, மீதி அக்காவிடம் எடுத்தது. அடுத்த தெருவில் இன்னொரு சின்னப் பதிப்பகக்காரர் இருந்தார், தடிமனான கண்ணாடி போட்டிருப்பார். அவர் போட்ட பதினான்கு புத்தகங்களையும் அக்கா வாங்கி வைத்திருந்தாள், நான் இரவல் வாங்கிப் படித்தேன். படித்ததோடு விட்டேனா? அவரையே வழியில் நிறுத்தி, மூன்றாவது புத்தகத்தில் இரண்டு பிழை இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். "எங்க புத்தகத்த இவ்வளவு கவனமா படிக்கிறது நீங்க ஒருத்தர்தாம்மா" என்று சிரித்தார். போன வருஷம் அவர் பதிப்பகத்தை மூடியபோது முதல் ஆளாகப் போய் அழுததும் நான்தான். என் கோபம் யார் மேல் என்று சொல்கிறேன் என்றேனே, இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

"அவர் புத்தகத்தக் காசு குடுத்து வாங்குன்னு என்கிட்ட ஏன்க்கா நீ அப்பவே சொல்லல?"

"சொன்னா சண்டைக்கு வருவ" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் வரை ஒன்றும் வரவில்லை. ஒரு மணி ஆயிற்று. அன்றைக்கு லீவு போட்டிருந்த மாமா லேசாகச் சிரித்து, "வித்துருச்சு போல இருக்கே" என்றார். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று அக்கா அதட்டினாள். ஆனாலும் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது. இரண்டு மணிக்கு வேன் வந்து நின்றது. எங்கள் வாசலில்தான்.

டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். அக்கா வாசற்படியில் நின்று எண்ணினாள், உதடு மட்டும் அசைந்தது. பிரிக்காத கட்டு பதின்மூன்று, கட்டுக்கு நாற்பது. பிரித்த கட்டு ஒன்று, அதில் முப்பத்தொன்று. அறுநூறில் விற்றது நாற்பத்தொன்பது.

"எங்கம்மா வைக்கிறது?" என்றார் டிரைவர். முன்னறையில் இடமில்லை, நடையிலேயே அடுக்கச் சொன்னோம். கடைசிக் கட்டை இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப நல்ல புத்தகமாமே! எங்க வீட்ல கண்ணத் தொடச்சுக்கிட்டே படிச்சாங்க. பக்கத்து வீட்டுல யாரோ குடுத்தாங்களாம்."

கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த மனுஷன் மேல் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. அக்கா அச்சகத்துக்குப் போன் போட்டாள். "நாளைக்கு மிஷின்ல வேற வேலை ஏத்திக்குங்க" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "பரவால்ல, பரவால்ல" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தாள்.

நாலு மணிக்கு நர்ஸம்மா புது அட்டையைப் பார்க்க வருவதாக இருந்தது. "இன்னொரு நாள் வரச் சொல்லிடலாமேக்கா" என்று கெஞ்சினேன். "எந்த நாள் சொன்னாலும் சொல்லித்தானே ஆகணும்" என்றாள். நடையில் கிடந்த கட்டுகள் மேல் நான் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். எதை மூட முடியும்? இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது.

சரியாக நாலு மணிக்கு வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். போர்வையைப் பார்த்தார், எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். அக்கா நாற்காலியைத் துடைத்து முன்னால் இழுத்துப் போட்டாள்.

"வாங்க, முதல்ல உக்காருங்க."

நர்ஸம்மா உட்காரவில்லை. "டீச்சர், முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி வராண்டால நான்தான் எல்லாரையும் முதல்ல உக்காரச் சொல்லுவேன். எதுக்குச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன், சொல்லுங்க."

மாமா தரையைப் பார்த்தார். நான் டீ போடுகிற சாக்கில் உள்ளே நழுவப் பார்த்தேன்.

"என் ரெண்டாவது புத்தகம் வரல, அதானே? பரவால்ல டீச்சர். நோட்டுல இருந்துட்டுப் போகட்டும்" என்றார் நர்ஸம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என்னோடது மட்டும்தானா? இல்ல, பதிப்பகமேவா?"

"பதிப்பகமே" என்றாள் அக்கா.

அப்போதுதான் நர்ஸம்மா உட்கார்ந்தார்.