பந்தியில் பாட்டுப் போடாதவர்

தணிகாசலம் அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது, நான் கடையில் யாருடைய வளைகாப்பையோ டிவிடியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றுபோன டிஸ்க். துடைத்துத் துடைத்துப் போட்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். நெஞ்சு வலி என்று வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். கண்ணமங்கலம் தாண்டும்போதே முடிந்துவிட்டதாம். போனை வைத்துவிட்டு டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டு மூடினேன். பழகிய வேலையைக் கை தன் பாட்டுக்குச் செய்தது.

ஆரணியில் கல்யாணம் செய்துகொண்ட உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். முகம் மட்டும் ஞாபகம் இருக்காது, விளக்குக்குப் பின்னால் நின்றவர். அவர் வீடியோ எடுப்பார், நான் மிக்ஸிங் செய்வேன். அதாவது வெட்டி ஒட்டி, பூ தூவி, பாட்டுப் போடும் வேலை. ட்ரோன் கேமரா வைத்திருக்கும் பிள்ளைகள் வந்தபிறகு எங்களை யார் கூப்பிடுவார்கள்? பழைய டிவிடிகளைக் கெடாமல் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பதே பிழைப்பாகிவிட்டது. அலுப்பு பிடித்த வேலை. டிஸ்க் சுற்றும், நாம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

துக்க வீட்டில் அவர் மனைவி கஸ்தூரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் புடிச்சி வெச்சாரு. அவரு ஒரு வார்த்தை பேசனது என்கிட்ட இல்லம்மா. கொரலு மறந்து பூடுமோன்னு பயமா கீது. எங்கனா இருக்குதா பாரேன்."

"பாக்கறேங்க்கா" என்றேன். நம்பிக்கையே இல்லை. கடைசிவரை பட்டன் போன் வைத்திருந்த மனிதர். அடுத்தவர் கேமராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். எங்கே போய்த் தேடுவது?

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்தக் குங்கும டிஸ்க் கதை தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் டிவிடி வீட்டுக்கு வந்ததும் சாமி படத்தடியில் வைத்து, மினுங்கும் பக்கத்திலேயே சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். பிறகு பட்டுப்புடவை மடிப்புக்குள் போகும். எத்தனை வருஷம் கழித்து எடுத்தாலும், பொட்டு இருக்கும் இடத்தில் தாலி கட்டுவது நின்றுவிடும். அப்படி ஒன்று வந்தபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் விரலை ஈரமாக்கி அந்தக் குங்குமத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தார். "சுத்தி சுத்தித் தொடச்சா கோடு வுழும்மா. இன்னா செய்யறது, நம்ம ஜனங்க எதையும் கும்புட்டுத்தான் வெப்பாங்க" என்றார்.

எங்களுக்குள் சண்டையெல்லாம் சுருக்குவது பற்றித்தான். டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எடுத்தால் பெரிய ஃபைல். சுருக்கினால் போனில் அனுப்பலாம், ஆனால் படமும் சத்தமும் அடிபடும். வருகிறவர்கள் எல்லாம் சின்னதாகத்தான் கேட்டார்கள். "ஜல்தியா முடிச்சி அனுப்புவோம்ண்ணா, எடம் ரொம்புது" என்பேன். அவர் நகரமாட்டார். முதலில் அப்படியே ஒன்று, பிறகு போனுக்குச் சுருக்கி ஒன்று, பெரியது கடையிலும் ஒரு பிரதி. "கொறைக்கறத எப்ப வேணா கொறைச்சிக்கலாம். கொறைச்சத திரும்பக் கூட்டறதுக்கு எவன் வருவான்?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

ஒருமுறை களம்பூரிலிருந்து ஒரு பெண், நாங்கள் எடுத்துக் கொடுத்த தன் கல்யாண டிவிடியோடு வந்தாள். இறந்துபோன அப்பாவின் குரல் வேண்டுமாம். நலங்கில் பாட்டு, முகூர்த்தத்தில் பாட்டு, அப்பா வாயசைக்கும் இடமெல்லாம் பாட்டு. அவள் முகம் வாடிவிட்டது. "பந்திக்கு ஓட்டும்மா" என்றார் அண்ணன். சாப்பாட்டுக் காட்சியில் மட்டும் அவர் என்னைப் பாட்டுப் போட விட்டதே இல்லை. "சோறு துன்ற எடத்துலதான் ஜனங்க நெஜமா பேசறாங்க" என்பார். மற்ற இடமெல்லாம் பாட்டு இருக்க இங்கே மட்டும் ஏன் இல்லை என்று எங்களைத் திட்டியவர்களும் உண்டு. பந்தி ஓடியது. கரண்டி, வாளிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்: "ரசம் இந்தப் பக்கம் வரவே இல்ல பாரு!" அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாத்திரச் சத்தத்தைக் குறைத்துக் குரலை மட்டும் எடுத்துத் தரலாமே என்று நான் மௌஸில் கை வைத்தேன். "வேணாம். அதோட சேந்துதான் அவரு பேசனாரு" என்றார் அண்ணன்.

அண்ணனின் காரியம் முடிந்து கடை திறந்த அன்று ஒரு பந்தியை ஓட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கேமராவின் மைக்குக்கு மிக அருகில் இருந்த வாய் யாருடையது? "அண்ணா, எலையவே பாக்காதீங்க, இங்க பாருங்க." "ஆயா, சிரி, பல்லு இல்லன்னா இன்னா." எல்லார் வீட்டுச் சாப்பாட்டிலும் அவர் பேசிக்கொண்டே போயிருக்கிறார். மிக்ஸிங் செய்தபோது இதையெல்லாம் நானும் கேட்டவள்தான். குரலென்றே தோன்றவில்லை.

போளூரில் அண்ணன் எடுத்த அவர்கள் சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணத்தில், பந்தியில் கஸ்தூரி அக்காவே உட்கார்ந்திருந்தார். கடைக்கு வரச்சொல்லிப் போட்டுக் காட்டினேன். திரையில் அக்கா வெட்கத்தோடு தலையைக் குனிகிறார். பின்னாலிருந்து குரல் வருகிறது: "இந்தம்மாக்கு இன்னொரு ஜாங்கிரி வைப்பா. வூட்ல நான் வாங்கியே தரலன்னு பேஜார் பண்ணிகினு கீது."

அக்கா திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். பிறகு, "தரவே இல்லதான்" என்று சிரித்துவிட்டு அழுதார்.

போனுக்குச் சின்னதாக ஒன்று கொடுத்தேன். பெரியதை, வாளியும் கரண்டியும் பிள்ளை அழுகையுமாக, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் இல்லாத கடையில் இன்னும் டிஸ்க்குகள் குவிந்து கிடக்கின்றன. எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பந்தி வந்தால் ஓடவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். சாப்பிடச் சொல்லி யாரையோ அவர் அதட்டும்வரை எழுந்திருப்பதில்லை.