கபத்துக்கு ஒரு கம்பம்

எங்கள் சித்தப்பா தூங்குவதில் கெட்டிக்காரர். மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கேட்டைத் திறந்து மூடுவது அவர் வேலை. ஒருநாள் ரயில் போய் வெகுநேரம் ஆகியும் கேட் திறக்கவில்லை. மாட்டுவண்டிகளும் ரிக்‌ஷாக்களும் வரிசைகட்டி நிற்க, நடுவில் ஒரு துரையின் மோட்டார் காரும் மாட்டிக்கொண்டது. சித்தப்பா உள்ளே நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை தூங்கினால் வேலை கிடையாது, ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான் என்று ரயில்வே அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அப்பா ஆடிப்போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியர் வந்து கோயிலுக்கு அருகில் தங்கியிருந்தார். நாடி பிடித்து, உடம்பு வாதமா பித்தமா கபமா என்று பார்த்து, அதற்கேற்ற தியானம் சொல்லிக்கொடுப்பார். அப்பா அவரை எங்கள் குவார்ட்டர்ஸுக்கே அழைத்து வந்தார். வந்தவர் சித்தப்பாவோடு விடாமல் எல்லார் கையையும் பிடித்துப் பார்த்தார். அப்பாவுக்குப் பித்தமாம். குளிர்ந்த தண்ணீரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இடது மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும். அம்மாவுக்கு வாதம். உச்சியில் எண்ணெய் வைத்துக்கொண்டு, விளக்குச் சுடரைப் பார்த்தபடி ஒரே இடத்தில் உட்கார வேண்டும். நான் சும்மா இருந்தாலே போதும் என்றார், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல்.

சித்தப்பாவின் நாடியைப் பிடித்ததும் சிரித்துவிட்டார்.

“சுத்தக் கபம். உட்கார்ந்து தியானம் பண்ணினா தூங்கிப்போயிடுவீங்க தம்பி. பால், தயிர் ஆகாது. விடியறதுக்கு முன்னே எழுந்திருக்கணும். கபத்துக்கு நடந்துகிட்டே ஜபிக்கறதுதான் தியானம்.”

“கம்பத்துக்கு நடக்கணுமா?” என்று சித்தப்பா முந்திக்கொண்டு கேட்டார்.

மலாய்க்காரர் வீடுகள் உள்ள ஊர்ப்புறத்தை இங்கே நாங்கள் கம்பம் என்போம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று இருந்தது. புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கிய வைத்தியருக்கோ கம்பம் என்றால் நட்டுவைத்த மரக்கம்பம்தான். கொஞ்சம் யோசித்தார்.

“கம்பத்தைச் சுத்தி நடந்தாலும் நல்லதுதான்,” என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார்.

மறுநாளே வீட்டில் தியானம் தொடங்கியது. அப்பா தண்ணீர்க் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து, “யாரது, தரை அதிர நடக்கறது?” என்று கத்துவார். பித்தம் ஏறியதுதான் மிச்சம். அம்மா சுடரைப் பார்த்தபடியே, “ஐயோ, சோறு பொங்குது!” என்று எழுந்து ஓடுவாள். சித்தப்பா மட்டும் கோழி கூவுமுன் எழுந்து, படியத் தலைவாரி, ‘சிவாயநம’ சொல்லிக்கொண்டே ஆற்றைத் தாண்டிப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. கேட் நேரத்துக்குத் திறந்தது. அப்பா போகிற இடமெல்லாம் வைத்தியரின் புகழ் பாடினார்.

ஒரு விடியற்காலை நானும் அடம்பிடித்துச் சித்தப்பாவோடு போனேன். கம்பத்தின் ஓரத்தில் ஒரு தமிழர் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்துவந்தார். அவருடைய கொட்டில் கண்ணில் பட்டதும் சித்தப்பாவின் ஜபம் நின்றுபோனது. பால்காரரின் தங்கை பால் கறந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, நுரை பொங்க ஒரு செம்புப் பாலைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். அவரும் மடமடவென்று குடித்துவிட்டு, மீசையைக்கூடத் துடைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பால் ஆகாது என்று வைத்தியர் சொன்னதை என் காதாலேயே கேட்டிருந்தேன். கபம் ஏறும், தூக்கம் வரும், கேட் திறக்காது, சித்தப்பாவைக் கப்பலேற்றிவிடுவார்கள். எனக்கோ சித்தப்பா என்றால் உயிர். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் போட்டு உடைத்துவிட்டேன்.

“அப்பா! சித்தப்பா பால் குடிக்கிறாரு! பால்காரர் தங்கச்சி குடுக்குது!”

அம்மா சுடரை மறந்து சிரித்தாள். “தினம் கேட்டைத் தாண்டிப் பால் கொண்டுபோவுமே, அந்தப் பொண்ணா தம்பி?”

சித்தப்பாவின் காது சிவந்துவிட்டது. அப்பா கத்தப்போகிறார் என்று நான் என் காதைப் பொத்திக்கொண்டேன். அவரோ தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

“பால் நல்லாருக்கா?”

“நல்லாருக்கு அண்ணே.”

“அப்போ அவங்க அண்ணன்கிட்ட நான் போய்ப் பேசறேன்.”

அடுத்த நல்ல நாளில் அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு கம்பத்துக்குப் போனார்கள். பால்காரரைக் கண்டிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். கண்டிப்பதற்கு எதற்குப் பழம் என்பதுதான் புரியவில்லை.

கல்யாணம் கோயிலில் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் மணமக்களை உட்காரவைத்து, வழக்கப்படி பாலும் பழமும் கொடுத்தார்கள். அம்மாவே பால் கிண்ணத்தைச் சித்தப்பாவின் கையில் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த வைத்தியரும் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“குடுக்காதீங்க! சித்தப்பாவுக்குக் கபம்! தூங்கிடுவாரு! வேலை போயிடும்!” என்று கூட்டத்தின் நடுவே புகுந்து ஓவென்று அழுதேன்.

கூரை பறக்கும்படி சிரித்தார்கள். வைத்தியருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. ஒரு மனிதருக்கு வேலை போகப்போகிறது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புதுச் சித்தி மட்டும் சிரிக்காமல் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, மலாய்க்காரர் மாதிரி ‘லா’ போட்டுக் காதோடு சொன்னாள்:

“அழாதே லா. இனிமே உன் சித்தப்பாவை நான் எழுப்பி அனுப்பறேன்.”