கோல் மார்க்கெட்டில் கடல் தண்ணீர்

தலைநகரின் கோல் மார்க்கெட் ஓரத்தில் வெறுங்கையோடு நிற்கிறேன். வங்காள விரிகுடாவில் ஒரு மாதம் கப்பலில் இருந்து சேகரித்த பன்னிரண்டு பாட்டில் தண்ணீரை, டீ குடிக்க இறங்கிய அவசரத்தில் பெட்டியோடு ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன். எல்லாம் ஒரே இடத்தில், வெவ்வேறு ஆழத்தில் எடுத்தவை. மேலே வெதுவெதுப்பாக, உப்புக் குறைவாக இருக்கும் கடல், கீழே போகப் போகக் குளிர்ந்து உப்பேறுகிறது. அந்த அடுக்குகளின் உப்பை அளக்கத்தான் இங்குள்ள ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். அதே தண்ணீரை மறுபடி எடுக்க முடியாது.

அரை மணி நேரம் கழித்து அந்த ஆட்டோவே திரும்பி வருகிறது. உள்ளே நர்ஸ் உடையில் ஒரு பெண், என் பெட்டியை மடியில் வைத்திருக்கிறார்.

"உங்களுதா சார்? மேல தமிழ்ல 'திறக்காதீர்கள்'னு இருந்துச்சு. ஆட்டோ பையா குடிக்கிற தண்ணின்னு நெனச்சு ஒண்ணைத் திறக்கப் போனார். நான் விடலை."

"திறந்திருந்தா உப்பு அளவே மாறியிருக்கும்மா. எல்லாம் கடல் தண்ணி."

பெட்டியை வாங்கி, மூடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். எல்லாம் இறுக்கமாகவே இருக்கின்றன.

"என்னால உங்க டியூட்டிக்கு நேரமாயிடுச்சே?"

"பரவால்ல சார். ஒரு சாம்பிள் வழியில விட்டுப்போச்சு, சேர்த்துட்டு வரேன்னு வார்டுக்கு போன் பண்ணிட்டேன். பேஷண்ட் யாருன்னு கேட்டாங்க. கடல்னு சொன்னா நம்புவாங்களா? அச்சா, வரேன் சார்."

ஆட்டோ கிளம்புகிறது. இரு கைகளிலும் பெட்டி இருப்பதால் கும்பிட முடியாமல், தலையைத் தாழ்த்துகிறேன்.