ஒன்பது கிலோ மாடு

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பின் முதல் மாடியில் நாங்கள் இருந்த காலத்தில், எங்கள் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையக் களிமண் இருந்தது. கோவில்பதாகை ஏரிக்கரையிலிருந்து சைக்கிள் கேரியரில் கொண்டுவந்த மண். அது காய்ந்துவிடாமல் மேலே ஈரச்சாக்கு போட்டிருப்பேன். குளிக்கப் போகிறவர்கள் முதலில் சாக்கை நனைக்க வேண்டும், பிறகுதான் தங்களை நனைத்துக்கொள்ளலாம் என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவன் நான். மதித்தவனும் நான் ஒருவன்தான்.

1986 முதல் மண்ணில் சின்னச் சின்ன உருவங்கள் செய்துவந்தேன். அணில், ஓணான், தூங்கும் நாய், தோளில் பையோடு ஒரு பஸ் கண்டக்டர். உடைந்த குடைக்கம்பி, ஐஸ்கிரீம் குச்சி, மனைவியின் கொண்டை ஊசி இவைதாம் கருவிகள். எந்த உருவம் எந்தத் தேதியில் முடிந்தது, எந்தத் தேதியில் அதன் தலை விழுந்தது என்று நாட்குறிப்பில் எழுதிவைப்பேன். பெரும்பாலும் இரண்டுக்கும் இடையே ஒரு வாரம் இருக்கும்.

தலை விழாதவற்றைப் பரிசாகக் கொடுத்துவந்தேன். அவை ஏதாவது ஒரு காரணத்தோடு திரும்பி வந்துவிடும். என் மைத்துனருக்கு ஓர் ஆந்தை கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து மைசூர்பாகு டப்பாவோடு அதையும் கொண்டுவந்து வைத்து, "உங்க வீட்ல இருந்தாத்தான் அதுக்கு மரியாதை" என்றார்.

1988 நவம்பரில் ஒரு நாள் கண்டக்டரின் பை வழுக்கி என் மனைவி குளியலறையில் விழப் பார்த்தாள். அன்று மாலை தீர்ப்பு வந்தது.

"நீங்களா கொடுக்கறீங்க, அவங்க மொகத்துக்காக வாங்கிக்கறாங்க. ஒருத்தராவது தானா கேட்டு, திருப்பிக் கொடுக்காம வச்சுக்கணும். போகி வரைக்கும் டைம். அப்படி யாரும் இல்லேன்னா பழைய பாயோட இந்தத் தொட்டியும் வெளியே போகுது."

அதையும் நாட்குறிப்பில் எழுதினேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று அவள் வாங்கிப் படித்துப் பார்த்தாள்.

டிசம்பர் நான்காம் தேதி, ஞாயிறு, எதிர்வீட்டு அம்மாள் வந்தார். தூத்துக்குடிக்காரர்கள், எதிர்வீட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் கணவர் எங்கள் தொழிற்சாலையில்தான் வேறு பிரிவில் இருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாசலில் குடில் வைப்பார்களாம். அந்த வருடம் பெட்டியைத் திறந்தால் மாட்டுக்குக் கழுத்து இல்லை.

"அண்ணாச்சி, மாடு இல்லாம குடில் நல்லாவா இருக்கும்? பண்டிகை முடியிற வரைக்கும் ஒண்ணு செஞ்சு தாங்களேன். பெறவு திருப்பித் தந்துருதேன்."

"திருப்பித் தந்துருதேன்" என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி உள்ளேயிருந்து ஒரு முறை இருமினாள். ஆனாலும் கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான். மாடு நன்றாக அமைந்தால் மனம் மாறிவிடாதா?

"அளவுக்கு ஏதாவது ஒரு பொம்மை கொடுங்க" என்றேன்.

மற்றவற்றை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டார்களாம். இருபத்துநாலாம் தேதி இரவுதான் குழந்தை இயேசுவைக் குடிலில் வைப்பார்கள் என்பதால் அதைத் தனியாகப் பஞ்சில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து காட்டினார். ஆறு அங்குலம்.

நான் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் வேலை செய்தவன். ஒரு மாதிரித் துண்டைக் கொடுத்தால் மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து கணக்கிடுவதுதான் பிழைப்பு. பிறந்த குழந்தை ஏறக்குறைய இருபது அங்குலம். பொம்மை ஆறு. ஆகவே உண்மையில் பத்து இருந்தால் பொம்மையில் மூன்று. இனி மாட்டின் உண்மையான அளவு தெரிய வேண்டும்.

மறுநாள் காலை பால்காரர் மாட்டை ஓட்டி வந்தபோது டேப்போடு இறங்கினேன்.

"இன்னா சார், மாட்டுக்கு சட்ட தைக்கப் போறியா?"

"பொம்மை செய்யறேன். ரெண்டு நிமிஷம் பிடிச்சுக்க."

"அது பால் குடுக்க வந்துகீது நைனா, அளவு குடுக்க வர்ல. ஒதச்சா நான் பொறுப்பு இல்ல."

உதைக்கவில்லை. ஆனால் வாலால் என் முகத்தில் இரண்டு முறை அடித்தது. கொம்புக்கும் கொம்புக்கும் இடைவெளி, திமில், முன்னங்கால், மடி என எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் வேலை. உள்ளே வைக்கோலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் மண் பூசினேன். டிசம்பர் ஈரத்தில் எதுவும் காயவில்லை. டேபிள் ஃபேனை மாட்டின் பக்கம் திருப்பி வைத்தேன்.

"மே மாசத்துல நான் கேட்டப்போ கரண்ட் பில்லு ஏறும்னீங்க" என்றாள் மனைவி. ஃபேனை ஒரு புள்ளி குறைத்து வைத்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி மாலை, நானும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டு மாட்டை வராந்தாவைக் கடந்து கொண்டுபோனோம். பதினெட்டு அங்குல நீளம். மளிகைக்கடைத் தராசில் ஒன்பது கிலோ. அப்போதுதான் குடிலை முதன்முதலாகப் பார்த்தேன். மொத்தக் குடிலே ஓர் அடி உயரம். உள்ளே முழங்காலிட்டிருந்த மாதா ஏழே அங்குலம். பொம்மை செய்தவர் குழந்தையை மட்டும் பக்தியில் பெரிதாகச் செய்திருக்கிறார். நான் குழந்தையை நம்பினேன்.

எதிர்வீட்டுக்காரர் குனிந்து மாட்டின் வயிற்றுக்கடியில் பார்த்தார்.

"காளைல்லா நிக்கணும்? இதுக்கு மடி இருக்கே?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"இருக்கட்டும். பச்சப்புள்ள இருக்க வீட்ல பால் மாடு நிக்கது நல்லதுதான்" என்று அந்த அம்மாள் முடித்துவைத்தார்.

மாட்டைக் குடிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே எட்டிப்பார்ப்பதற்காக வந்தது போல் இருந்தது. கூரைமேல் நட்சத்திரம் இருந்தது. அதை மாட்டின் முதுகு மறைத்தது. இருபத்துநாலாம் தேதி பாட்டுக்குழுவோடு வந்த கிறிஸ்துமஸ் தாத்தா, "எங்கப்பா குடில்?" என்று கேட்டார். "மாட்டுக்குப் பின்னால" என்றார்கள்.

ஜனவரி ஆறு, வெள்ளி, மூன்று ராஜாக்கள் திருநாள். அதோடு அவர்களுக்குப் பண்டிகை முடிந்தது. ஏழாம் தேதி காலை குடிலைப் பிரித்தார்கள். நான் ஜன்னலில் நின்றேன். வைக்கோல் போயிற்று, வண்ணக்காகிதம் போயிற்று. மாடு மட்டும் திரும்பி வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. நாட்குறிப்பில் "மாடு வரவில்லை" என்று தினமும் எழுதினேன்.

"திருப்பிக் கொண்டுவர சங்கடப்படறாங்களா இருக்கும்" என்றாள் மனைவி. பன்னிரண்டாம் தேதி மாலை பழைய பாய், கிழிந்த தலையணை, ஓட்டை வாளி எல்லாவற்றையும் வாசலில் அடுக்கினாள். கடைசியில் தொட்டியையும் தரதரவென்று இழுத்து வந்தாள். ஈரச்சாக்கு மேலேயே இருந்தது.

அப்போது எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, கேக்கவே கூச்சமா இருக்கு. அந்த மாட்ட நாங்களே வச்சுக்கிடட்டுமா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தொட்டியின் விளிம்பை விடவில்லை.

"எதுக்கு மதினி?" என்று அவளே கேட்டாள்.

"இந்த வாடைக் காத்துல கதவு டமார் டமார்னு அடிக்கில்லா? செங்கல் வச்சேன், தள்ளிட்டுப் போயிருது. மாட்ட வச்சேன். அசையல."

அவர் போன பிறகு வாதம் தொடங்கியது.

"கேட்டாங்க, வச்சுக்கிட்டாங்க. ரெண்டும் ஆச்சு" என்றேன்.

"பொம்மைன்னா கேட்டாங்க? செங்கல்லுக்குப் பதிலாக் கேட்டாங்க."

"எதுக்குக் கேக்கணும்னு நீ சொல்லலையே."

நாட்குறிப்பை எடுத்து வந்து காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். நவம்பரிலேயே இன்னும் கவனமாகப் பேசியிருக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். பிறகு, "தொட்டி இருக்கட்டும். ஆனா பாத்ரூம்ல இல்ல, பின்பக்க பால்கனியில" என்றாள். மேல்முறையீடு செய்ய நான் துணியவில்லை.

மறுநாள் போகி. கீழே தெருவில் பாயும் தலையணையும் எரிந்த புகை மேலே வந்துகொண்டிருந்தது. பால்கனியில் உட்கார்ந்து, உள்ளங்கை அளவில் ஒரு பூனைக்காக மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தேன். பால்கனிக் கதவு ஒரு முறை பலமாக அடித்தது. மனைவி எட்டிப்பார்த்தாள். உருண்டையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இது பத்தாது. இன்னும் கொஞ்சம் மண்ணு போடுங்க."